குளமும் மீனும்

இலங்கைத் தீவிலே இயற்கையாய் அமைந்த பெரிய ஏரி ஒன்றேனும் இல்லை. ஆற்றோரங்களில் வெள்ளம் தேங்கி நிற்கும் வில்லுகள் சில உள. வறண்ட பகுதியிற் காணப்படும் ஏனைய நன்னீர்ப் பரப்புகள் பெரும்பாலும் மனிதர் அணை கட்டித் தேக்கிய குளங்களே. நெல் விளைவிப்பதற்கென எழுந்த அக்குளங்களில், நீர் நின்றதும் மீன் வந்து குடிபுகுந்தது. மீன் வந்ததும் அதன்மேல் உரிமையும் எழுந்தது. கிறித்து ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த பிராமிக் கல்வெட்டுகள், குளத்து நீரால் வரும் வருவாயோடு மீன் பங்கும் பௌத்த சங்கத்தாருக்குத் தானமாய் அளிக்கப்பட்டதைக் குறிக்கின்றன. குளத்து மீனுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதற்கு இதுவே சான்று.

குளத்திற் புகுந்த மீன்கள் யாவும் ஆற்றிலிருந்து வந்தவை. விரால், குறவை, சுங்கான், பனையேறி, கெண்டை, கெளிறு, வாளை, ஆரல், விலாங்கு என்பன அவற்றுட் சில. இவற்றுட் பலவற்றின் வாழ்வு மழையோடு பிணைந்தது. மாரியிற் குளம் நிரம்பி வான் பாயும்போது, அவை புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறி, வாய்க்காலும் வயலுமாகிய ஆழங்குறைந்த இடங்களை நாடி முட்டையிடும். கோடையில் நீர் வற்றும்போது விரால், சுங்கான், பனையேறி முதலியவை காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்புகளின் துணையால் உயிர் தாங்கும். மழையறிந்து பெருகி, வறட்சியறிந்து ஒடுங்கும் இம்மீன்களைப் பிடிக்கும் முறையும் அதற்கேற்பவே அமைந்தது.

1660ஆம் ஆண்டிற் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தாம் கண்டவற்றை 1681இல் நூலாக வெளியிட்டார். அடியும் மேலும் திறந்த கூடையைச் சேற்றில் ஊன்றி ஊன்றி மக்கள் மீன் பிடித்ததை அவர் அதில் விவரித்துள்ளார். உள்ளே அகப்பட்ட மீன் பக்கங்களில் மோதுவதைக் கை உணர்ந்ததும், மேல்வாயினூடாகக் கையை விட்டு அதனை எடுப்பர். செவுளிற் பிரம்பைக் கோத்துத் தம் பின்னே நீரில் இழுத்துச் செல்வர். தமிழர் கரப்பு என வழங்கும் கருவி இவ்வகையதே. நீர் முழங்காலளவு வற்றிய பின்னரன்றி இது பயன்படாது. ஆதலின் மீன் பிடிக்கும் காலத்தைக் குளமே வகுத்துக் கொடுத்தது எனலாம்.

1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனன்ற், இத்தீவின் மீன்களைப்பற்றி விரிவாக எழுதினார். கிழக்கு மாகாணத்து அரச அலுவலர் ஒருவர் இருமுறை நேரிற் கண்டு கூறிய செய்தியொன்று அவர் நூலில் உண்டு. வற்றி இறுகிய நிலத்தை ஊர்மக்கள் வெட்டி எறிய, மண்கட்டிகள் உடைந்து அவற்றினுள்ளிருந்து முழு வளர்ச்சியடைந்த மீன்கள் உயிரோடு துள்ளின என்பதே அச்செய்தி. ஐரோப்பியருக்கு வியப்பாயிருந்த இச்செயல், அவ்வூர் மக்களுக்குக் கோடைக்கால வேலைகளுள் ஒன்று.

தூண்டிற்காரருக்கும் இத்தகைய அறிவு உண்டு. விராலின் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாய் நீர்ப்பரப்பில் மேயும்போது, தாய் தந்தையர் கீழே காவல் நிற்கும். கூட்டம் காணப்படும் இடத்திற் பெரிய விரால் உண்டென்பதை அனுபவசாலிகள் அறிவர். தூண்டிலிற் சிறு தவளையைக் கோத்து அங்கே துள்ளவிட்டால் விரால் சீறிப் பாயும். ஆனால் காவலிழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். ஒரு மீனைப் பிடிப்பதால் ஒரு தலைமுறையே அழியக்கூடும்.

1952ஆம் ஆண்டில் இக்கதை திசை மாறியது. ஆபிரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரிய திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களில் விடப்பட்டது. ஆற்று மீன்கள் நன்கு பயன்படுத்தாது விட்ட பெருங்குளங்களின் திறந்த நீர்ப்பரப்பு அதற்கு உகந்த இடமாயிற்று. நுண்ணிய பாசியும் மக்கிய பொருள்களும் அதன் உணவு. தேங்கிய நீரிலேயே அது இனம் பெருக்கும். தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். பராக்கிரம சமுத்திரம் முதலிய பெருங்குளங்களில் ஆண்டு முழுவதும் வலை வீசித் தொழில் செய்யும் மீனவர் சமூகம் உருவானது. கடலுக்குத் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் மலிவான புதுமீன் கிடைத்தது. 1975இல் அதன் இனத்ததாகிய நைல் திலாப்பியாவும் வந்து சேர்ந்தது.

ஆயினும் ஆண்டு முழுவதும் மீன் தரும் குளம், ஓய்வுக்காலத்தைத் தானே வகுப்பதில்லை. முன்னர் மழை செய்த காவலை இப்போது மனிதரே செய்தல் வேண்டும். இதற்காகவே 8.5 சதமமீற்றரிலும் சிறிய கண்ணுடைய செவுள்வலைகள் தடைசெய்யப்பட்டன. 1990 முதல் 1994 வரை அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்தியபோது, மேற்பார்வை தளர்ந்து இக்கட்டுப்பாடும் நலிவுற்றது. பின்னர் ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இத்துறைக்கெனத் தனி அதிகாரசபையும் அமைந்தது. எனினும் நடுக்குளத்தில் இரவில் விரிக்கப்படும் வலையின் கண்ணை அளந்து பார்ப்பது எந்த அலுவலருக்கும் எளிதன்று. அக்குளத்தை நம்பி வாழ்வோரின் உடன்பாடே அங்கு உண்மையான காவல்.

பழைய மீன்களின் நிலையும் கருதத்தக்கது. பெருங்குளம் திலாப்பியாவினால் நிறைந்தாலும், விராலுக்கும் வாளைக்கும் அது போதாது. வெள்ளம் ஏறிச் செல்லும் வழியும், முட்டையிடும் தாழ்நிலமும், கோடையில் ஒதுங்கும் சேற்றுப்பள்ளமும் அவற்றுக்கு வேண்டும். ஊர்ச்சிறுகுளம் தூர்ந்து, வாய்க்கால் அடைபட்டால் அவ்வழி மூடிவிடும். முன்னோர் குளத்தோடு விட்டுச்சென்ற உடைமையுள் மீனும் ஒன்று. அணைக்கட்டையும் துருசையும் பேணுவோர் அதனையும் சேர்த்தே பேணுதல் தகும்.