இருட்டில் பாடிய பெட்டி

1916ஆம் ஆண்டு ஏப்ரலில், நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் சோப்ரானோ பாடகி மேரி ராப்போல்ட் மேடையேறினார். அவருக்கருகே ஒரு மரப்பேழை. அதனுள் எடிசன் நிறுவனத்தின் டைமண்ட் டிஸ்க் ஃபோனோகிராஃப். தம்முடைய இசைத்தட்டோடு சேர்ந்து பாடிய அவர் அவ்வப்போது வாயை மூடிக்கொள்ள, தட்டு தொடர்ந்து பாடியது. இவ்வகை நிகழ்ச்சிகளுக்குத் 'தொனிச் சோதனை' என்று பெயர். 1915 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள், சிற்றூர்கள் வரை எடிசனின் பாடகர்கள் இச்சோதனையைச் சுமந்து சென்றனர். சில இடங்களில் நடுவே விளக்கை அணைத்துவிடுவார்கள். மீண்டும் வெளிச்சம் வரும்போது மேடையில் பெட்டி மட்டுமே பாடிக்கொண்டிருக்கும். பத்திரிகைகள் வியந்து எழுதின.

இன்று அத்தட்டுகளைக் கேட்பவருக்கு இச்செய்தி நம்பத்தகாததாகவே தோன்றும். ஒலிவாங்கியின்றிப் பதிவான தட்டுகள் அவை. பாடகர் ஒரு கூம்பின் வாய்க்குள் பாட, அவ்வதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். அடித்தொனிகளும் உச்சத்தொனிகளும் பெரும்பாலும் அதில் ஏறா. பின் கூட்டம் எவ்வாறு ஏமாந்தது?

விடையின் ஒரு பகுதியைச் சோதனைகளில் பங்கேற்ற பாடகி அன்னா கேஸே தந்திருக்கிறார். பெட்டியின் தொனிக்கு இசையத் தம் குரலை அமைத்துக்கொண்டதாக, 1972இல் அளித்த நேர்காணலில் அவர் கூறினார். எந்திரம் மனிதரைப் போலிசெய்கிறது என்று கூட்டம் கைதட்டிய வேளையில், போலிசெய்துகொண்டிருந்தவர் மனிதர்! குரலை நடுக்கிப் பாடுவதை எடிசன் வெறுத்தவர். பாடகர் தேர்விலும் தலையிட்டவர். அவருக்குக் காது மந்தம் என்பது தனிக்கதை.

1925 வாக்கில் மின்வழி ஒலிப்பதிவு வந்ததும் கூம்பு ஒழிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை ஒழியவில்லை. 1954இல் வார்ஃப்டேல் நிறுவனர் கில்பர்ட் பிரிக்ஸ் லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் தம் ஒலிபெருக்கிகளை வைத்து, நேரிசையையும் பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். அடுத்த ஆண்டே கார்னெகி அரங்கிலும் அதைச் செய்தார்.

இவ்வரிசையில் நான் பெரிதும் மதிப்பது எட்கர் வில்ச்சூரின் முயற்சியை. அலமாரி அளவுப் பெட்டியின்றி ஆழ்ந்த அடித்தொனி வராது என்றிருந்த நிலையை மாற்றியவர் அவர். பெட்டியைக் காற்றுப் புகாதபடி மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே வில்சுருளாகப் பயன்படுத்தினார். 1954இல் அவரும் ஹென்றி க்ளாஸும் மாசசூசெட்ஸில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் ஏஆர்-3 ஒலிபெருக்கி 1958இல் வெளிவந்தது. பின்னர் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் குழு அதனோடு மேடையேறியது. சிறிது நேரம் நால்வரும் வாசிப்பார்கள். பிறகு வில்லை ஓசையின்றி அசைக்க, ஒலி பெட்டியிலிருந்து வரும். தேர்ந்த செவிகள் பலவும் மாற்றம் நிகழ்ந்த கணத்தைத் தவறவிட்டன.

இங்கே அன்னா கேஸின் தந்திரம் இல்லை. எனினும் நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. அரங்கத்தின் எதிரொலி சேராதவாறு அப்பதிவுகளைச் செய்திருந்தார்கள். மேடையில் ஒலித்தபோது அந்த அரங்கே தன் கார்வையை, நேரிசைக்குத் தருவது போலவே, அவற்றிற்கும் தந்தது. நாம் வீட்டில் கேட்கும் தட்டு அப்படியன்று. எங்கோ ஒரு கூடத்தின் கார்வை அதில் முன்பே படிந்திருக்கிறது. நம் அறையின் சுவர்கள் அதன்மேல் தம்முடையதையும் பூசுகின்றன. ஆகவே அரங்கில் தேறிய பெட்டி வீட்டில் எழுதுவது வேறொரு தேர்வு.

ஒலியளவும் ஒரு சிக்கல். ஒலி தணியத் தணிய, நடுத்தொனிகளைவிட அடித்தொனிகளே செவிக்கு விரைந்து மறைகின்றன என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். கோயில் பிராகாரத்துக்கும் தெருவுக்கும் உரிய நாகஸ்வரக் கச்சேரியை அண்டைவீட்டாருக்கு அஞ்சித் தணித்து வைத்தால், தவிலில் குச்சி விழும் பக்கத்தின் முழக்கமே முதலில் தேய்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியும் இதற்கு விலக்கன்று.

வில்ச்சூர் நால்வர் இசையைத் தேர்ந்தது புத்திசாலித்தனம். ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவின் வலிமையை அப்பெட்டிகளால் எட்டியிருக்க முடியாது. ஆனால் ஹைடன் காலத்தில் நால்வர் இசை பெரும்பாலும் வீட்டுக் கூடங்களில், கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்த சிலருக்காக வாசிக்கப்பட்டது. ஆயிரம் இருக்கைகளின் கடைசி வரிசையில் அதைக் கேட்பவரைவிட, இரண்டு நல்ல பெட்டிகளின் முன் தன் அறையில் அமர்ந்திருப்பவர் அந்த இசைக்குச் சற்று நெருக்கமாகவே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சிம்பொனியைப் பற்றி அவ்வாறு சொல்ல எனக்குத் துணிவில்லை.