அடிமை வாணிகமும் இரு கட்சியாரும்

1791ஆம் ஆண்டில், அடிமை வாணிகத்தை ஒழிக்கவேண்டி வில்லியம் வில்பர்போர்ஸ் பிரித்தானியப் பாராளுமன்றத்திற் கொணர்ந்த பிரேரணை 163க்கு 88 என்ற வாக்குகளால் வீழ்ந்தது. அவர் நாவன்மையிற் குறையில்லை. கப்பலும் கரும்பும் பலருக்குச் செல்வமாயிருந்தன.

தோமஸ் கிளார்க்சன் துறைமுகந்தோறும் அலைந்து மாலுமிகளின் சாட்சியங்களைத் திரட்டினார். ஆபிரிக்கரின் நெசவையும் கைவினைப் பொருள்களையும் ஒரு பெட்டியிலிட்டுக் காட்டினார். மனிதரை விலைகூறாமலே அந்நாட்டாரோடு வாணிகம் செய்யலாம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வில்பர்போர்ஸ் பிரதமர் பிட்டின் உற்ற நண்பர். பிட்டின் அரசியற் பகைவர் சார்ள்ஸ் பொக்ஸ். எனினும் இவ்வொரு விடயத்தில் மூவரும் ஒருமுகப்பட்டனர். அந்த உறவே பின்னர் கைகொடுத்தது. 1806இல் பிட் மறைய, கிரென்வில் பிரதமரானார், பொக்ஸும் மந்திரியானார். அப்போது வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்டீபன் ஓர் உபாயம் உரைத்தார்: பகைவரின் குடியேற்றங்களுக்குப் பிரித்தானியர் அடிமைகளை ஏற்றிச் செல்வதை யுத்த நலன் கருதித் தடுப்பது. வில்பர்போர்ஸ் வேண்டுமென்றே அடங்கியிருந்தார். சட்டம் நிறைவேறிற்று. இது தந்திரமன்றோ என்பீர்கள். தந்திரமே, ஆயினும் அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை.

பொக்ஸ் அவ்வாண்டு செப்டெம்பரிற் காலமானார். கிரென்வில் முழுத்தடை மசோதாவை முதலிற் பிரபுக்கள் சபையில் நிறைவேற்றினார். 1807 பெப்ரவரி 23இல் பொதுமக்கள் சபையில் 283 பேர் ஆதரித்தனர். 16 பேரே எதிர்த்தனர். வில்பர்போர்ஸ் இருக்கையிலிருந்தே கண்ணீர் வடித்தார். மேற்கிந்தியத் தோட்டங்களில் ஏற்கெனவே அடிமைப்பட்டிருந்தோரோ தம் விடுதலைச் சட்டத்துக்காக 1833 வரை காத்திருந்தனர்.