சிறைக்கோட்டம் முதல் அன்பு இல்லம் வரை

கைவிடப்பட்ட குழந்தையின் கதையைத் தன் நெஞ்சில் வைத்துப் பாடிய தமிழ்க் காப்பியம் மணிமேகலை. பிறந்த இரவே தோட்டமொன்றில் விடப்பட்ட ஆபுத்திரன், ஏழு நாள் பசுவின் பாலால் பிழைத்தான். பின்னாளில் வளர்த்தவராலும் விரட்டப்பட்டான். மதுரையில் பிச்சையேற்று, இயலாதவர்க்கு ஊட்டி, எஞ்சியதை உண்டு வாழ்ந்தான். சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதையும் அதே காப்பியம் சொல்கிறது. தெருவில் திரியும் பிள்ளைக்கு நாம் திறந்து வைப்பது எந்தக் கோட்டம் என்னும் வினா, ஆகவே, தமிழர்க்குப் புதிதன்று. அவ்வினாவுக்குக் கிறித்தவத் தொண்டு அளித்த விடைகளுள் ஒன்றைச் சலேசிய சபையின் வரலாற்றில் காண்கிறோம்.

அவ்வரலாறு இத்தாலியின் தூரின் நகரில் தொடங்குகிறது. மலைநாட்டுச் சிற்றூர்களிலிருந்து கட்டட வேலை தேடி வந்த சிறுவர்கள் அந்நகர வீதிகளில் உறங்கினர். சிலர் சிறை புகுந்தனர். 1841இல் குருப்பட்டம் பெற்ற தொன் போஸ்கோ, சிறைகளில் அவர்களைச் சந்தித்தார். வெளியே ஒருவர் துணையிருந்திருந்தால் இவர்கள் உள்ளே வந்திருக்க மாட்டார்கள் என்பதே அவர் கண்ட உண்மை. 1846இல் வால்தோக்கோ என்னுமிடத்தில் ஒரு கொட்டகையில் அவர் பணி நிலைகொண்டது. 1852இல் ஒரு சிறுவனைத் தச்சரிடம் தொழில் பழக விட்டபோது, அவர் எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்தார். சிறுவனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுப்புத் தர வேண்டும் என்பன அதிலிருந்த விதிகள். இரக்கத்தோடு உரிமையையும் சேர்த்து எழுதிய அத்தாள், நம் பார்வையில், அவருடைய உரைகள் பலவற்றினும் மேலானது.

1906 ஜனவரியில் சலேசியர் தஞ்சாவூர் வந்து, ஆதரவற்றோர் இல்லமொன்றையும் பள்ளியையும் ஏற்றனர். 1928இல் சென்னைக்குப் பெயர்ந்தனர். அக்காலத்துத் தொண்டின் வடிவம் மதில் சூழ்ந்த விடுதியே. உணவும் கல்வியும் தொழிலும் அங்குக் கிடைத்தன. ஆயின் மதிலுக்குள் வந்த பிள்ளைக்கே அவை கிடைத்தன.

அரசின் நோக்கும் அவ்வாறே இருந்தது. இந்தியாவின் முதல் சிறுவர் சட்டம் 1920இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. குற்றம் செய்த சிறுவனும் நாதியற்ற சிறுவனும் அச்சட்டத்தின்படி நீதிமன்றத்தின் முன்பே நின்றனர். 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருவரையும் பிரித்து, பின்னவனைப் "புறக்கணிக்கப்பட்டவன்" என்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டமோ "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்றது. சொல் மாறுவதற்கு எண்பது ஆண்டுகள் ஆயின.

இவ்விடைவெளியில், 1985இல், சென்னையில் டான் பாஸ்கோ அன்பு இல்லம் தோன்றியது. இங்கே வரிசை தலைகீழாயிற்று. பிள்ளை இல்லம் தேடி வரும்வரை காத்திராமல், பிள்ளை இருக்கும் இடத்திற்குத் தொண்டர்கள் சென்றனர். இரயில் நடைமேடையிலோ சந்தையிலோ முதலில் பேச்சு, பின்பு நட்பு, அதன் பின்னரே குளியல், உணவு, உறங்க இடம். விரட்டியவர்களையே கண்டு பழகிய பிள்ளை நம்புவதற்கு நாளாகும். வீடு திரும்பக்கூடியவரை வீட்டில் சேர்ப்பதும், இயலாதவர்க்குக் கல்வியும் தொழிலும் அளிப்பதும் அடுத்த படிகள். 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும், கூப்பிட்ட இடத்திற்கே செல்லும் இந்நெறியைச் சார்ந்ததே.

ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலில் வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. காட்பாடி–விழுப்புரம் இருப்புப்பாதை கண்ணமங்கலம், போளூர் வழியாகத்தான் செல்கிறது. காட்பாடியில் வண்டி மாறினால் சென்னை. அடிக்கும் தந்தையையோ தேர்வுத் தோல்வியையோ அஞ்சி வண்டியேறும் சிறுவனுக்கு அத்தொலைவு சில மணி நேரமே.

விடுதிகளால் மட்டும் இச்சிக்கல் தீராது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளையை நிறுவனத்தில் வைப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல இல்லத்தின் வெற்றி, அங்கிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையில் இல்லை. தம் காலில் நின்று வெளியேறியவர்களில் இருக்கிறது. ஆபுத்திரன் கையில் அமுதசுரபி வந்தது, அவன் பிச்சைப் பாத்திரத்திலிருந்தே பிறர்க்கு ஊட்டியவன் என்பதால். கைவிடப்பட்ட பிள்ளை கொடுக்கவும் வல்லது என்று அக்காப்பியம் நம்பியது. அந்நம்பிக்கையிலிருந்து தொடங்கும் தொண்டே அறக்கோட்டமாகும்.