பலகைக் கணினி

பலகைக் கணினி என்பது தொடுதிரை ஒன்றையே உள்ளிடும் பரப்பாகவும் காட்டும் பரப்பாகவும் கொண்ட, தட்டையான, ஒரு கையில் பிடித்துப் பயன்படுத்தத்தக்க கணினி வகை ஆகும். இதற்குத் தனியான விசைப்பலகையோ சுட்டியோ தேவையில்லை. விரலால் அல்லது எழுதுகோலால் திரையைத் தொட்டு இது இயக்கப்படுகிறது. பொதுவாக இதன் திரை மூலைவிட்ட அளவில் 7 முதல் 13 அங்குலம் வரை இருக்கும். பயன்பாட்டு நோக்கில் இது நகர்பேசிக்கும் மடிக்கணினிக்கும் இடைப்பட்டது. இத்தகைய கருவிகள் 1980களின் இறுதியிலிருந்தே விற்பனையில் இருந்தபோதும், 2010 ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேடு வெளிவந்த பின்னரே பொதுமக்களிடம் பரவலாயின.

பெயர்

தமிழில் இக்கருவிக்கு ஒரே பெயர் நிலைபெறவில்லை. பலகைக் கணினி, கைக்கணினி, வரைப்பட்டிகை, சிலேட்டுக் கணினி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாடு அரசின் அறிவிப்புகளில் கைக்கணினி என்னும் சொல் ஆளப்படுகிறது. பேச்சு வழக்கில் 'டேப்' என்பதே பெரும்பான்மை. ஆங்கிலத்தில் 'டேப்லெட்' என்னும் சொல் எழுதுபலகையையும் மருந்து மாத்திரையையும் ஒருங்கே குறிப்பதால், கவனமின்றிச் செய்யப்படும் மொழிபெயர்ப்புகளில் கணினி மாத்திரையாகிவிடுவதும் உண்டு. சிலேட்டுக் கணினி என்பது பொருத்தமான பெயர் எனலாம். மடியில் வைத்து எழுதி, அழித்து, மீண்டும் எழுதும் பள்ளிச் சிலேட்டின் வடிவத்தையும் பயனையும் அது நினைவூட்டுகிறது.

அமைப்பும் இயக்கமும்

பலகைக் கணினியின் இயல்பைத் தீர்மானிப்பது அதன் தொடுதிரையே. தொடுதிரைகள் பெரும்பாலும் இரு வகைப்படும். மின்தடைத் திரையில் மிக மெல்லிய இடைவெளியுடன் இரண்டு கடத்தும் படலங்கள் இருக்கும்; அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தொட்டு இடத்தைக் காட்டும். இது விலை குறைந்தது. நகம், குச்சி, கையுறை அணிந்த விரல் எதனாலும் இயக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும். மின்தேக்குத் திரையில் கண்ணாடியின் மேல் ஒரு மின்புலம் நிலவுகிறது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் பட்ட இடத்தில் அப்புலம் மாறுகிறது. கருவி அம்மாற்றத்தை அளந்து இடத்தை அறிகிறது. அழுத்தம் தேவையில்லை, ஒரே நேரத்தில் பல விரல்களையும் உணர முடியும். இரு விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்குவது இத்திரைகளின் வழியாகவே பொதுமக்களுக்குப் பழக்கமானது.

இக்கருவிகளில் பெரும்பாலும் ஆர்ம் வகைச் செயலிகள் பயன்படுகின்றன. இவை குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால் விசிறி தேவைப்படுவதில்லை. வட்டுக்குப் பதிலாக அசையும் பகுதிகளற்ற பளிச்சு நினைவகம் உள்ளது. இதனாலேயே கருவி மெல்லியதாகவும் ஓசையற்றதாகவும், பொத்தானை அழுத்திய உடனே விழிப்பதாகவும் அமைகிறது.

வரலாறு

இன்றைய பலகைக் கணினியின் கருத்துரு பெரும்பாலும் ஆலன் கே என்பவரிடமிருந்து தொடங்குவதாகக் கூறப்படும். செராக்சு நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய அவர், 1972 இல் 'டைனாபுக்' என்னும் பெயரில், குழந்தைகள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய குறிப்பேட்டளவுக் கணினியை விவரித்தார். அக்காலத் தொழில்நுட்பத்தால் அதனை உருவாக்க இயலவில்லை. இவ்வெண்ணம் அலுவலகத்திற்காக அன்றி மாணவருக்காகவே முதலில் எழுந்தது என்பது பின்வரும் இந்திய முயற்சிகளைப் புரிந்துகொள்ள உதவும்.

1989 இல் கிரிட்பேடு என்னும் எழுதுகோல் கணினி விற்பனைக்கு வந்தது. 1993 இல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டனை வெளியிட்டு 1998 இல் கைவிட்டது. 2002 இல் மைக்ரோசாப்ட், விண்டோசு எக்சு.பி.யின் பலகைக் கணினிப் பதிப்பை வெளியிட்டது. சுட்டிக்காக வடிவமைக்கப்பட்ட சிறு பொத்தான்களையும் பட்டிகளையும் எழுதுகோலால் தொட வேண்டியிருந்தமையாலும், கருவிகளின் எடையும் விலையும் மிகுதியாக இருந்தமையாலும் அது பரவவில்லை.

2010 சனவரி 27 அன்று அறிவிக்கப்பட்ட ஐபேடு, கணினியைச் சிறிதாக்காமல் நகர்பேசியைப் பெரிதாக்கிற்று. 9.7 அங்குலத் திரையும் ஏறத்தாழ 680 கிராம் எடையும் கொண்ட அதன் தொடக்க விலை 499 அமெரிக்க டாலர். அதே ஆண்டில் சாம்சங் நிறுவனம் ஆண்டிராய்டு இயக்குதளத்துடன் 7 அங்குலக் கேலக்சி டேபை வெளியிட்டது. ஐபேடு 2011 சனவரியில் இந்தியாவிற்கு வந்தபோது அதன் மிகக் குறைந்த விலை 27,900 ரூபாய். இவ்விலைக்கும் இந்திய மாணவர் குடும்பங்களின் வருவாய்க்கும் இடையிலிருந்த தொலைவே அடுத்து வந்த நிகழ்வுகளின் பின்னணி.

சிம்பியூட்டர்

ஐபேடுக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே, எழுத்தறிவு குறைந்தோரும் பயன்படுத்தக்கூடிய கைக்கருவி ஒன்று பெங்களூரில் உருவானது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனமும் இணைந்து வடிவமைத்த சிம்பியூட்டர் 2001 இல் வெளிப்படுத்தப்பட்டது. லினக்சு இயக்குதளம், 320×240 படப்புள்ளிகள் கொண்ட ஒருநிறத் திரை, எழுதுகோல், திறனட்டைச் செருகி ஆகியவை அதில் இருந்தன. இந்திய மொழி உரையை ஒலியாகப் படித்துக் காட்டும் வசதி அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. ஓர் ஊருக்கு ஒரு கருவி போதும். ஒவ்வொருவரும் தம் தகவல்களைத் திறனட்டையில் வைத்துக்கொண்டு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது வடிவமைத்தோரின் எண்ணம். பாரத் எலெக்ட்ரானிக்சு நிறுவனம் தயாரித்த 'அமிடா' சிம்பியூட்டர் 2004 இல் விற்பனைக்கு வந்தது. ஆயினும் விற்றவை சில ஆயிரங்களே. பேசுவதற்கும் பயன்படும் நகர்பேசியின் விலை அதே ஆண்டுகளில் விரைந்து குறைந்து வந்தது.

ஆகாசு

மாணவர்களுக்கு மலிவான கணினி வழங்கும் நோக்குடன் இந்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் மேற்கொண்ட திட்டத்தின் விளைவு ஆகாசு ஆகும். 2009 பிப்ரவரியில் திருப்பதியில் 'சாக்சாத்' என்னும் பெயரில் ஒரு கருவி காட்டப்பட்டது. அதற்கு முன் '10 டாலர் மடிக்கணினி' எனச் செய்திகள் பரவியிருந்தன. காட்டப்பட்டதோ மடிக்கணினி அன்று. 2010 சூலையில் அமைச்சர் கபில் சிபல் 35 டாலர் மதிப்பிலான மாதிரிக் கருவியை அறிமுகப்படுத்தினார். 2011 அக்டோபர் 5 அன்று புது தில்லியில் ஆகாசு முறைப்படி வெளியிடப்பட்டது. டேட்டாவிண்டு நிறுவனம் இதனை வழங்கியது. இராசத்தான் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கொள்முதலை மேற்கொண்டது.

7 அங்குல மின்தடைத் திரை, 366 மெகாகெர்ட்சு செயலி, 256 மெகாபைட்டு நினைவகம், ஆண்டிராய்டு 2.2 இயக்குதளம் ஆகியவை இதன் கூறுகள். ஐபேடின் விலையில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக ஒரு பலகைக் கணினி கிடைக்கும் என்பதே பெரும் செய்தியாயிற்று. ஆனால் பயன்படுத்தியோர் திரையை அழுத்த வேண்டியிருப்பதையும், செயலியின் மந்தத்தையும், மின்கலம் மூன்று மணி நேர அளவிலேயே தீர்ந்துவிடுவதையும் குறையாகக் கூறினர். கருவி எந்த அளவு அதிர்ச்சியையும் மழையையும் தாங்க வேண்டும் என்னும் ஆய்வுத் தரம் குறித்துக் கழகத்திற்கும் நிறுவனத்திற்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. பின்னர்த் திட்டம் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு மாற்றப்பட்டது.

1 கிகாகெர்ட்சு செயலியும் மின்தேக்குத் திரையும் கொண்ட ஆகாசு 2 ஐ 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்சி வெளியிட்டார். அதே மாதம் ஐக்கிய நாடுகள் அவையிலும் அது காட்சிப்படுத்தப்பட்டது. கருவிகள் சீனாவில் உற்பத்தியானவை என்று அப்போது எழுந்த செய்திகள் சர்ச்சையை உண்டாக்கின. ஒரு இலட்சம் கருவிகள் வழங்கப்பட்டன. கோடிக்கணக்கான மாணவர்களுக்கு என்று தொடங்கிய திட்டம் அதற்கு மேல் வளரவில்லை.

ஆகாசு தோல்வி என்று எளிதாக எழுதிவிடலாம். முழு உண்மை அதுவன்று. மலிவான பலகைக் கணினிக்கு இந்தியாவில் வாங்குவோர் உண்டு என்பதை அது காட்டியது. அடுத்த ஈராண்டுகளில் பல நிறுவனங்கள் ஐயாயிரம் ரூபாய் அளவில் ஆண்டிராய்டு கருவிகளை விற்கத் தொடங்கின. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லாக் கணினித் திட்டத்திற்குப் பலகைக் கணினியை அன்றி மடிக்கணினியையே தேர்ந்தது. கட்டுரை தட்டச்சிடவும் நிரல் எழுதவும் விசைப்பலகை வேண்டும் என்பதை நோக்க, அது தக்க தேர்வே.

தமிழில் பயன்பாடு

ஆகாசின் பெரிய குறை ஒன்று அதன் விலைப் பட்டியலில் தெரியாதது. ஆண்டிராய்டு 2.2 பதிப்பில் தமிழ் எழுத்துரு இயல்பாக இணைக்கப்படவில்லை. தமிழ் இணையப் பக்கங்களைத் திறந்தால் கட்டங்களே தோன்றின. எழுத்துருவை மட்டும் சேர்த்தாலும் போதவில்லை. 'கொ' என்னும் எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் அமைய வேண்டும். அவ்வாறு அடுக்கும் மென்பொருள் இல்லையெனில் குறிகள் இடம் மாறி நிற்கும். அக்காலத்தில் பலர் ஓப்பரா மினி உலாவியின் அமைப்புகளில், சிக்கலான எழுத்துகளைப் படமாகப் பெறும் தெரிவை இயக்கித் தமிழ் படித்தனர். ஆண்டிராய்டு 4.0 மற்றும் அதற்குப் பிந்தைய பதிப்புகளில் இக்குறை படிப்படியாக நீங்கியது.

உள்ளீட்டில், மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலி குறிப்பிடத்தக்கது. 2013 இல் வந்த ஐ.ஓ.எசு. 7 பதிப்பில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் இயக்குதளத்திலேயே இடம்பெற்றன. விரலால் எழுதுவதைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் வசதியும், பேச்சை எழுத்தாக்கும் வசதியும் பின்னர் வந்தன. தட்டச்சு அறியாத முதியோர்க்கு இவை பெரிதும் பயன்படுகின்றன.

படிப்பிற்குப் பலகைக் கணினி மிகப் பொருந்தியது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கியங்கள், ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டம், 2017 இல் தொடங்கிய தமிழ் இணைய நூலகம் ஆகியவற்றின் நூல்கள் பல ஆண்டுகள் மேசைக் கணினியின் முன் நிமிர்ந்து அமர்ந்து படிக்கப்பட்டவை. 2013 இல் தொடங்கப்பட்ட கட்டற்ற தமிழ் மின்னூல்கள் தளம் தன் நூல்களை 6 அங்குலத் திரைக்கெனத் தனிப் பக்க அளவிலும் வெளியிட்டது. வருடிய பழைய நூல்களின் சிறு எழுத்தை விரலால் பெரிதாக்கிப் படிக்கும் வசதி அச்சு நூலுக்கும் இல்லாதது.

அன்றாடப் பயன்பாடு

பலகைக் கணினியின் கவர்ச்சி அதன் வேகத்தில் இல்லை. அதே விலைக்கு விரைவான மடிக்கணினி கிடைக்கும். மேசையும் நாற்காலியும் வேண்டாமை, பாயில் அமர்ந்தோ சாய்ந்தோ பயன்படுத்த முடிதல், நால்வர் சுற்றி அமர்ந்து ஒரே திரையைப் பார்க்க முடிதல் ஆகியவையே வீடுகளில் இதற்கு இடம் தேடித் தந்தன. வெளிநாட்டில் வாழும் பேரப்பிள்ளைகளுடன் முகம் பார்த்துப் பேசுவதற்கென்றே இதனை வாங்கியோர் பலர். சிறு குழந்தைகள் கற்பிக்காமலே இதனை இயக்கக் கற்றுவிடுகின்றனர். இரண்டு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளைத் திரையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு 2019 இல் பரிந்துரைத்தது.

கருநாடக இசையில் இதன் வரவு ஒரு விவாதத்தை எழுப்பியது. மின்னணுத் தம்புராவாகப் பலகைக் கணினியைப் பயன்படுத்துவதை அரங்குகள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன. ஆனால் பாடகர் மேடையில் அதனைப் பார்த்துச் சாகித்தியம் பாடுவதை, பாடாந்தரம் மனத்தில் இருக்க வேண்டும் எனக் கருதும் சுவைஞர் பலர் ஏற்பதில்லை. குறிப்பேட்டைப் பார்த்துப் பாடுவதற்கும் இதே எதிர்ப்பு முன்பே இருந்ததுண்டு.

கணக்கெடுப்பில்

இந்தியாவில் பலகைக் கணினி மிகப் பரவலாக மக்களின் வாயிற்படிக்கு வந்தது 2011 இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் ஆகும். பாரத் எலெக்ட்ரானிக்சு தயாரித்த ஏறத்தாழ 6.4 இலட்சம் கருவிகள் இதற்குப் பயன்பட்டன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலும், அதனுள் அரியாங்குப்பம் கொம்யூன் போன்ற இடங்களிலும், கணக்கெடுப்பாளர் கேட்க, உடன் வந்த பதிவாளர் கருவியில் உள்ளிடும் முறையே பின்பற்றப்பட்டது. (அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டின் அகழாய்வில் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளிலும் மக்கட் பெயர்களே காணப்படுகின்றன.) தாள் தவிர்க்கப்பட்டாலும் சிக்கல் தவிர்க்கப்படவில்லை. சாதிப் பெயருக்கு முன்வகுத்த பட்டியல் இன்றிக் கூறியவாறே பதிந்தமையால் 46 இலட்சத்திற்கும் மேற்பட்ட சாதி, உட்சாதி, குலப் பெயர்கள் குவிந்தன. சாதி குறித்த தரவு முழுமையாக வெளியிடப்படவில்லை.

பின்னைய நிலை

2014 இற்குப் பின் உலக அளவில் பலகைக் கணினி விற்பனை சரிந்தது. நகர்பேசிகளின் திரை 6 அங்குலத்தை எட்டியதும், 2016 இல் இந்தியாவில் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்ததும் 7 அங்குலக் கருவிகளின் தேவையைப் போக்கின. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது விற்பனை மீண்டும் உயர்ந்தது. ஒரே நகர்பேசியை உடன்பிறந்தோர் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய வீடுகளில், ஆகாசு திட்டம் தீர்க்க முனைந்த பழைய சிக்கல் அப்படியே இருந்தது. 2024 இல் தமிழ்நாடு அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளை வழங்கியது. 2025 மார்ச்சு வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு ஈராண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ அவரவர் விருப்பப்படி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.