மரமேறும் சேணம்: உடலுக்கேற்ற அமைப்பும் மாற்றங்களும்

மரமேறும் சேணம் என்பது, கயிற்றின் துணையோடு மரத்தில் ஏறி வேலை செய்பவர் இடுப்பிலும் தொடைகளிலும் அணியும் வார்க்கோவை. ஹார்னஸ், சேடில் என்ற பெயர்களாலும் அழைக்கப்படுகிறது. கிளை கழிக்கும் மரப் பராமரிப்பாளர்கள், விதை சேகரிப்போர், மர உச்சியில் ஆய்வு நடத்தும் உயிரியலாளர்கள், பொழுதுபோக்காக ஏறுவோர் ஆகியோர் இதைப் பயன்படுத்துகின்றனர். தளைநார் பூட்டிப் பனையேறுபவரின் எடையை அவரது கால்களும் கைகளும் தாங்குகின்றன. கயிற்று முறையில் ஏறுபவரோ உயரத்திலுள்ள கிளையில் போட்ட கயிற்றில் தொங்கியபடி, சேணத்திலேயே அமர்ந்து பல மணி நேரம் வேலை செய்கிறார். சேணம் உடலோடு பொருந்தாவிட்டால் இடுப்பு வலியில் தொடங்கி, தொடை மரத்துப்போவது, கவனம் சிதறுவது என்று தொல்லை வளரும். கையில் ஓடும் ரம்பத்துடன் தொங்குபவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சேணத்தின் சுகம் அதில் தைத்திருக்கும் மெத்தையின் தடிமனைப் பொறுத்தது என்று புதிதாக வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். மெத்தைக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்குதான். உடலின் எடை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வாருக்குள் இறங்குகிறது என்பதே பெரும்பாலும் சுகத்தைத் தீர்மானிக்கிறது. அந்த இடத்தையும் கோணத்தையும் அமைக்கும் வாய்ப்பு, அணிபவரின் கையிலேயே இருக்கிறது.

உறுப்புகள்

அகலமான இடுப்புப் பட்டை, இரு தொடைப் பட்டைகள், இவற்றை இணைக்கும் வார்கள், இறுக்கவும் தளர்த்தவும் உதவும் பக்கிள்கள் ஆகியவை எல்லாச் சேணங்களுக்கும் பொது. இடுப்பின் இருபுறமும் உள்ள உலோக வளையங்களில் லேன்யார்டு எனப்படும் குட்டைக் கயிறு மாட்டப்படும். ஏறுபவர் அதைத் தண்டைச் சுற்றிப் போட்டு, சாய்ந்து நின்று வேலை செய்வார். முன்பக்கத்தில், இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் நடுவே தளர்வாகத் தொங்கும் குறுங்கயிறு ஒன்று உண்டு. இதன் பெயர் பிரிட்ஜ். இதன்மேல் ஒரு வளையம் தடையின்றி வழுகும். ஏறுகயிற்றின் பிடிப்பு முடிச்சு அல்லது கருவி அந்த வளையத்தில்தான் மாட்டப்படும். உடலைப் பக்கவாட்டில் திருப்பும்போது வளையமும் வழுகி வருவதால், ஏறுபவர் கிளையின் நுனிப்பக்கம் சாய்ந்து எட்ட முடிகிறது.

தொடைப் பகுதியின் அமைப்பில் இரண்டு வகைகள் உள்ளன. ஒன்றில் இரு தொடைகளுக்கும் தனித்தனிப் பட்டைகள் இருக்கும். மற்றதில் இரண்டுக்கும் பொதுவாக, உள்ளே விறைப்பான சட்டம் வைத்த இருக்கை இருக்கும். தனிப்பட்டை வகையில் கால்கள் தாராளமாக அசையும்; கிளைமேல் நடப்பதும் தாவுவதும் எளிது. இருக்கை வகையில் அசைவு குறைவு, ஆனால் அசையாமல் நெடுநேரம் உட்காருவதற்கு அதுவே ஏற்றது. கோஸ்டா ரிக்காவின் மழைக்காடுகளில் 1970-களில் கயிற்று முறையில் உச்சியை அடைந்த டொனால்ட் பெர்ரியைப் போன்ற ஆய்வாளர்களுக்கு, ஓரிடத்தில் தங்கி இலையையும் பூச்சியையும் கவனிப்பதுதான் வேலை. கிளை கழிப்பவரோ ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருப்பார். இருவருக்கும் ஒரே சேணத்தைப் பரிந்துரைப்பது தவறு.

வளர்ந்த விதம்

அமெரிக்காவில் மரப் பராமரிப்பு ஒரு தொழிலாக உருவெடுத்த காலத்தில் சேணம் தனியாக இல்லை. ஏறுகயிற்றின் முனையிலேயே இரட்டைக் கண்ணி முடிச்சுப் போட்டு, அதற்குள் தொடைகளை நுழைத்து உட்கார்ந்தார்கள். பிறகு தோலாலும் கித்தானாலும் ஆன பட்டைகள் வந்தன. அவற்றை அடுத்து நைலான், பாலியெஸ்டர் வார்கள் வந்தன. ஆஸ்திரேலியாவில் 1970-களின் இறுதியில் மர உச்சி ஆய்வைத் தொடங்கிய மெக் லோமன், கார் இருக்கைப் பெல்ட்டின் வாரைக்கொண்டு தமக்கான சேணத்தைத் தாமே தைத்துக்கொண்டார். 1983-இல் அட்லாண்டாவில் பீட்டர் ஜென்கின்ஸ் தொடங்கிய ட்ரீ கிளைம்பர்ஸ் இன்டர்நேஷனல், தொழிலாளர் அல்லாதோருக்கும் மரமேறுதலைக் கற்றுத்தந்தது. அகன்ற இருக்கை கொண்ட இலகுவான சேணங்களுக்குத் தேவை பெருகியதில் இத்தகைய பொழுதுபோக்கு ஏற்றத்துக்குப் பங்குண்டு. போட்டிக் களத்திலிருந்தும் வடிவமைப்பு வந்தது. உலக மரமேறும் போட்டியில் பலமுறை வென்ற பெர்ன்ட் ஸ்ட்ராஸர் உருவாக்கிய ட்ரீமோஷன் சேணத்தை ஆஸ்திரியாவின் டொய்ஃபெல்பெர்கர் நிறுவனம் தயாரிக்கிறது. பிரான்ஸின் பெட்ஸல் நிறுவனத்தின் செக்வோயாவும் பரவலாகப் புழங்கும் மற்றொரு சேணம்.

இடுப்பும் தொடையும்

சேணத்தை அமைக்கும் வேலை இடுப்பில் தொடங்க வேண்டும். பட்டை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் அமர்ந்து, கீழே நழுவாமல் நிற்க வேண்டும். அதைவிட மேலே ஏறினால் விலா எலும்பை அழுத்தி மூச்சுக்கு இடைஞ்சல் தரும். கீழே இறங்கினால் இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகில் செல்லும் தோல் நரம்பு நசுங்கும். தொடையின் வெளிப்புறத்துக்கு உணர்வூட்டும் நரம்பு அது. அது நசுங்கினால் தொடையின் வெளிப்பக்கம் எரியும், ஊசி குத்துவதுபோல் இருக்கும், மரத்தும் போகும். இறுக்கமான பெல்ட் அணிவோரிடம் மருத்துவர்கள் காணும் அதே கோளாறுதான் இது. வேலை முடிந்த பிறகும் தொடையின் வெளிப்பக்கம் மரத்தே இருந்தால், மெத்தையை மாற்றுவதற்கு முன் இடுப்புப் பட்டையின் உயரத்தைச் சரிபார்ப்பது நல்லது.

தொடைப் பட்டைகள் தொடையின் மேல்பகுதியில் சுற்றி அமர வேண்டும். பட்டைக்கும் தொடைக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழையும் அளவு தளர்வு போதும். பின்புறம் இடுப்புப் பட்டையையும் தொடைப் பட்டையையும் இணைக்கும் நீட்சி வார்களை அநேகர் கவனிப்பதே இல்லை. அவை மிகக் குட்டையாக இருந்தால் தொடைப் பட்டை மேலேறிப் பிட்டத்தின் மடிப்பை அறுக்கும். நீளமாக இருந்தால் பட்டை முழங்காலை நோக்கி இறங்கி, நடக்கும்போது காலைத் தடுக்கும். இடுப்புக்கும் தொடைக்கும் உள்ள இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுபடுவதால் இந்த வார்களின் நீளத்துக்குப் பொதுவான அளவு கிடையாது. நெடுங்காலம் ஆண்களின் உடல்வாகை மனத்தில் வைத்தே சேணங்கள் வெட்டப்பட்டன. பல பெண்களுக்கு இந்த இடைவெளி கூடுதலாகத் தேவைப்படும். அவர்கள் இடுப்புச் சுற்றளவை மட்டும் பார்த்து அளவு தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

எடை இடுப்புக்கும் தொடைக்கும் எப்படிப் பிரிகிறது என்பது அடுத்த கேள்வி. தொங்கி வேலை செய்யும்போது எடையின் பெரும்பங்கு தொடைகளில் இறங்குவதே இதம். தொடைச் சதை அழுத்தத்தைத் தாங்கும், கீழ்முதுகு தாங்காது. பிரிட்ஜ் மாட்டும் புள்ளிகளைத் தொடைப் பட்டையோடு இணைக்கும் வாரைக் குறுக்கினால் எடை தொடைக்குப் போகும்; நீட்டினால் இடுப்புக்கு வரும். மாட்டும் புள்ளி உடலின் எடை மையத்துக்குக் கீழே போய்விட்டால் உடல் பின்னால் கவிழப் பார்க்கும். வயிற்றுத் தசைகள் நாள் முழுக்க அதை எதிர்த்து இழுத்துக் களைத்துப்போகும். மிக மேலே இருந்தால் உடல் நிமிர்ந்தே நிற்கும், ஆனால் இடுப்பும் விலாவும் அழுந்தும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நிலையைத் தொங்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இரும்பு முள் பூட்டிய காலணியோடு தண்டில் நின்று, லேன்யார்டில் சாய்ந்து வெட்டுபவரின் நிலைமை வேறு. அவரது எடையில் பெரும்பகுதி கால்களிலும் இடுப்புப் பட்டையின் பின்பக்கத்திலும் விழும். அவருக்கு முதுகுப் பகுதி அகன்றும் விறைப்பாகவும் இருக்க வேண்டும்.

பிரிட்ஜின் நீளம்

இடுப்பைப் பிழிவதுபோன்ற வலிக்குக் காரணம், பெரும்பாலும், குட்டையான பிரிட்ஜ். ஏறுபவர் தொங்கும்போது பிரிட்ஜின் இரு கால்களும் நடு வளையத்திலிருந்து பிரிந்து இருபுறமும் இறங்குகின்றன. அவற்றுக்கு இடையிலான கோணம் விரிய விரிய, கயிறு மேல்நோக்கி மட்டும் இழுக்காமல் இடுப்பை உள்நோக்கியும் நெருக்குகிறது. மொத்த எடையும் 80 கிலோ என்றும், அது முழுவதும் பிரிட்ஜில் தொங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், கோணம் 60 பாகையாக இருக்கும்போது ஒவ்வொரு பக்கமும் சுமார் 23 கிலோ உள்விசை விழும். 90 பாகையில் அது 40 கிலோ. 120 பாகையில் 69 கிலோவைத் தாண்டும். மெத்தை எவ்வளவு தடித்தாலும் இந்த விசை குறையாது. பிரிட்ஜை நீட்டினால்தான் குறையும்.

நீட்டுவதற்கும் விலை உண்டு. பிரிட்ஜ் நீண்டால் பிடிப்பு முடிச்சும் கருவியும் உடலைவிட்டு விலகி மேலே போகும். எட்டிப் பிடிக்கக் கை நீள வேண்டும், ஒவ்வொரு இழுப்பிலும் ஏறும் தூரம் குறையும். பக்கவாட்டில் சாய்ந்து கிளை நுனியை எட்டுவதற்கு நீளமான பிரிட்ஜ் உதவும். நேராக மேலேறுவதற்குக் குட்டையானது உதவும். ஆகவே சிலர் இரண்டு பிரிட்ஜ்களைப் பொருத்திக்கொள்கிறார்கள். நீளத்தை மாற்ற வசதியுள்ள சேணங்களில், நீண்டதில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வருவது நல்ல வழி. மாற்றுக் கயிறு அந்தச் சேணத்துக்கென்று தயாரிப்பாளர் அனுமதித்ததாக இருக்க வேண்டும். முனை முடிச்சுகளையும் கையேடு சொன்னபடியே போட வேண்டும். சேணத்தில் மிக வேகமாகத் தேய்வது பிரிட்ஜ்தான். அதன் உறையில் இழை பிரிந்தாலோ, ஓரிடம் பளபளப்பாக இறுகினாலோ, உள்ளே மெலிந்ததுபோல் விரலுக்குத் தென்பட்டாலோ, மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல் மாற்றிவிட வேண்டும்.

தரையை ஒட்டித் தொங்கிப் பார்ப்பது

கடையில் நின்றபடி அணிந்து பார்ப்பதால் எதுவும் தெரியாது. தாழ்வான உறுதியான கிளையிலோ உத்தரத்திலோ கயிறு போட்டு, பாதம் தரையை எட்டும் உயரத்தில் கால்மணி நேரமாவது தொங்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் எல்லாச் சேணமும் சுகமாகவே தோன்றும். அழுத்தம் எங்கே குவிகிறது என்பது பிறகுதான் தெரியவரும். வேலைக்கு அணியும் அதே உடையோடு தொங்குவது அவசியம். ரம்பத்திலிருந்து காக்கும் கால்சட்டை தடிமனானது. அது இல்லாமல் அளவு வைத்தால் மரத்தில் ஏறியதும் இறுகும். பையிலுள்ள சாவிக்கொத்தும் கைபேசியும் பட்டைக்கு அடியில் வந்தால் அவையே வலிக்குக் காரணமாகும். இடதும் வலதும் சாய்ந்து, முழுவதும் பின்னால் படுத்து, ஒரு காலை மடக்கிப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வாரை மட்டும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியும். நைலான் ஈரத்தில் சற்று நெகிழும். மழையில் வேலை செய்பவர் இடையிடையே பக்கிளைச் சரிபார்க்க வேண்டும்.

அசையாமல் தொங்குவதில் ஓர் ஆபத்து உள்ளது. தொடையிலுள்ள சிரைகள் அழுந்தி, கால் தசைகளும் வேலை செய்யாதபோது இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். மலைமீட்பு மருத்துவர்கள் 1970-களிலேயே இதைப் பற்றி விவாதித்துள்ளனர். கால்களை அசைத்துக்கொண்டே இருப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. காயமுற்றோ மயங்கியோ தொங்குபவரை உடனே இறக்கியாக வேண்டும். கால் வைத்து எழுந்து நிற்க ஒரு கயிற்றுக் கண்ணியைச் சேணத்தில் மாட்டிவைத்தால் தொடைக்கு அவ்வப்போது ஓய்வு கிடைக்கும். சேணத்தில் சேர்த்துக்கொள்ளும் துணைப்பொருள்களில் இதைவிட மலிவானதும் பயனுள்ளதும் வேறில்லை.

சேர்க்கக்கூடியவை, தொடக்கூடாதவை

தோள்வார் முதன்மையானது. கைரம்பம், முதலுதவிப் பை, காரபைனர் எனப்படும் கொக்கி வளையங்கள், நான்கு கிலோ அளவுள்ள செயின்சா என்று எல்லாம் இடுப்பில் தொங்கும்போது பட்டை கீழே நழுவும். தோள்வார் அந்தப் பாரத்தைத் தோளுக்குப் பகிர்ந்து தரும். ஆனால் அது விழும் ஆளைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. கருவிகளை இருபுறமும் சமமாகப் பிரித்து மாட்டினால் ஒருபக்க முதுகுவலி தணியும். ரம்பத்தை எந்தக் கை எடுக்குமோ அதற்கு எதிர்ப்பக்கம் எடை குறைந்த பொருள்கள் பலவற்றைச் சேர்த்து ஈடுகட்டலாம். கழற்றிக் கழுவக்கூடிய மெத்தை உறைகள், ஆட்டுத்தோல் உறைகள், தயாரிப்பாளர் விற்கும் கூடுதல் தொடை மெத்தைகள் ஆகியவையும் பயன்படும். மெத்தை மென்மையாக இருந்தால் போதாது, அகலமாகவும் இருக்க வேண்டும்; மிக மென்மையானது எடையின்கீழ் நசுங்கி, வாரின் ஓரத்தை அப்படியே உடலில் பதியவிடும்.

எடை தாங்கும் எதையும் வெட்டவோ துளைக்கவோ தைக்கவோ கூடாது. மெத்தை உறையை நிலைநிறுத்த வாரின் குறுக்கே ஒரே ஒரு தையல் போட்டாலும் ஊசி வாரின் இழைகளை அறுக்கும். பசையிலும் சில மார்க்கர் பேனாக்களின் மையிலும் உள்ள கரைப்பான்கள் இழையைப் பலவீனப்படுத்தும். பெயர் எழுத வேண்டுமானால் தயாரிப்பாளர் ஒட்டிய முகப்புச் சீட்டில் எழுதலாம். நைலான் அமிலத்துக்கும், பாலியெஸ்டர் காரத்துக்கும் எளிதில் இரையாகும். வண்டியில் பேட்டரிக்குப் பக்கத்தில் போட்ட சேணம், பார்வைக்கு மாற்றமே இல்லாமல் வலுவிழந்திருக்கக்கூடும். உராய்வு வெப்பமும் அப்படித்தான்: நைலான் 6 ஏறக்குறைய 220 பாகை செல்சியஸில் உருகும், டைனீமா வகைப் பாலிஎத்திலீன் இழையோ 145 பாகை அளவிலேயே உருகும்.

ஐரோப்பாவில் அமர்ந்து தொங்கும் சேணங்களுக்கு ஈஎன் 813 தரமும், சாய்ந்து வேலை செய்வதற்கான இடுப்புப் பட்டைகளுக்கு ஈஎன் 358 தரமும் பொருந்தும். அமெரிக்காவில் மரப் பராமரிப்புப் பணிகளின் பாதுகாப்புக்கு ஆன்ஸி இசட்133 வழிகாட்டுகிறது. தரச்சான்று, தயாரிக்கப்பட்ட வடிவத்துக்கு மட்டுமே செல்லும். அணிபவர் தாமே மாற்றித் தைத்ததற்குச் செல்லாது. பிரிட்டனில் 1998-இல் வந்த, தூக்கும் கருவிகளுக்கான லோலர் ஒழுங்குவிதிகளின்படி, ஆளைத் தாங்கும் இத்தகைய கருவிகளைத் தகுதியுள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதிக்க வேண்டும்; அங்கீகாரமற்ற மாற்றம் தென்பட்டால் அந்தச் சேணம் பணியிலிருந்து விலக்கப்படும். சௌகரியத்துக்காகச் செய்த ஒரு கைத்தையல், நல்ல நிலையிலிருந்த சேணத்தையே வீணாக்கிவிடக்கூடும்.

பராமரிப்பும் சௌகரியத்தைச் சேர்ந்ததே. வியர்வையும் மரப்பிசினும் ஊறிய மெத்தை விறைத்துத் தோலை உரசும். மென்மையான சோப்பும், 30 பாகைக்கு மேற்படாத நீரும் கொண்டு கையால் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். அழுத்த நீர்ப்பீச்சியும் வெயிலும் இழையைக் கெடுக்கும். துணிப் பாகங்களுக்குத் தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் என்று பெட்ஸல் உச்ச வரம்பு வைத்துள்ளது. அன்றாடம் உழைக்கும் சேணம் அதற்கு வெகு முன்பே தேய்ந்துவிடும். வரலாறு தெரியாத பழைய சேணத்தை, அது எவ்வளவு இதமாகப் பழகியிருந்தாலும், வாங்கக் கூடாது. ஓய்வுபெற்ற சேணத்தின் வார்களைத் துண்டுகளாக வெட்டிவிட்டே குப்பையில் போட வேண்டும், வேறொருவர் எடுத்து அணிந்துவிடாமல் இருக்க.