பிறர் மடியில் நம் பிள்ளை

அவிநாசியிலிருந்து காலையில் திருப்பூர் செல்லும் பேருந்துகளில் பனியன் கம்பெனிப் பெண்கள் திரளாக ஏறுவர். வீட்டில் விட்டுவந்த குழந்தையின் நினைவும் அவர்களுடன் பயணம் செய்யும். பெற்ற பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைப்பது இக்காலத்துக் கேடு என்று நம்மவருட் சிலர் குறை கூறுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

மக்கத்துக் குறைஷியர் தம் மகவுகளைப் பாலைவனத்துச் செவிலியரிடம் வளர விடுவது வழக்கம். பஞ்ச காலமொன்றில் ஸஅது கூட்டத்துப் பெண்கள் குழந்தை தேடி மக்கா வந்தனர். தந்தையற்ற பிள்ளையால் தக்க ஊதியம் கிட்டாதென்று தயங்கினர். ஹலீமா அம்மையாரும் முதலில் தயங்கிப் பின்னரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ஏற்றார். இரண்டாண்டு நிரம்பியதும் அன்னை ஆமினாவிடம் கொணர்ந்து, அவர் இசைவு பெற்றே மீண்டும் அழைத்துச் சென்றார். பிள்ளையை ஒப்படைத்த பின்னும் தாயின் உரிமை தாயிடமே இருந்தது. கி.பி. 630இல் ஹுனைன் போருக்குப்பின் செவிலித்தாயின் மகள் ஷைமா வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள். வளர்த்த குடும்பத்துக்குக் கிடைத்த மரியாதை அது.

திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனமும் இதனை நெறிப்படுத்துகிறது. பால்குடி மறக்கச் செய்வதைத் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து முடிவு செய்யலாம். செவிலியை அமர்த்தினால் அவளுக்குரிய கூலியை முறைப்படி கொடுத்துவிட வேண்டும். பெற்றோரின் ஆலோசனை, வளர்ப்பவளின் கூலி ஆகிய இரண்டும் ஒரே வசனத்தில் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை வழங்கி வந்தார்கள். ஓரிரவு ஓயாது அழுத குழந்தையைப் பற்றி வினவியபோது, அத்தொகைக்காகவே தாய் முன்கூட்டிப் பால் மறக்கச் செய்கிறாள் என அறிந்து கலங்கினார்கள். பிறந்தது முதலே தொகை உண்டென்று விதியை மாற்றினார்கள்.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணியாற்றும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்றது. 1976இல் அவ்வெண்ணிக்கை முப்பதாகக் குறைந்தது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பணியாளர் உள்ள நிறுவனங்களில் காப்பகத்தையும், தாய் நாள்தோறும் நான்கு முறை குழந்தையைக் காணும் உரிமையையும் வழங்கியது. நல்ல சட்டங்களே, ஆயினும் யாவும் தலைகளை எண்ணியே தொடங்குகின்றன. பத்துப் பதினைந்து பேர் தைக்கும் சிறு பட்டறையின் தாய் அவ்வெண்ணிக்கைக்கு வெளியே நிற்கிறாள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி அவளுக்குப் பேருதவிதான். ஆனால் அவளுடைய தையல் இயந்திரம் ஓயுமுன் அங்கன்வாடியின் கதவு அடைபடுகிறது. எஞ்சிய பொழுதுக்குப் பாட்டியோ அண்டை வீட்டாரோதான் துணை.

ஆகவே குழந்தையைப் பார்த்துக்கொள்வோரைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், இடத்தின் பகட்டைக் காண வேண்டா. கையின் கனிவையும் ஒழுக்கத்தையும் காண்க. கணவனும் மனைவியும் கலந்து முடிவெடுக்க. அண்டை வீட்டு மூதாட்டியாயினும், "நம் மனிதர்தானே" என்று அவர் கூலியைக் குறைக்க வேண்டா. சிறு பட்டறைகள் பல ஒன்றுகூடி ஒரு காப்பகம் அமைத்தால், எண்ணிக்கைக்கு வெளியே நிற்கும் தாய்க்கும் நிழல் கிட்டும். அழுகுரல் கேட்டு விதியை மாற்றிய கலீஃபாவின் வரலாற்றைப் படிப்பவர்க்கு இது பெருஞ்சுமையன்று.