திருவண்ணாமலை நகர நுழைவுச் சாலைகளும் போக்குவரத்து நெரிசலும்

திருவண்ணாமலைக்குள் வரும் சாலைகளில் அலுவலக, பள்ளி நேரங்களில் அன்றாடம் நெரிசல் ஏற்படுகிறது. பௌர்ணமி, கார்த்திகைத் தீப நாட்களில் அது பன்மடங்காகிறது. தீப நாளில் நகருக்கு வெளியே வாகனங்களை நிறுத்தும் முறையே அன்றாட நெரிசலுக்கும் வழிகாட்டுகிறது.

காரணங்கள்

வேலூர், அவலூர்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு, செங்கம், காஞ்சி ஆகிய ஒன்பது ஊர்ச் சாலைகள் இங்கு கூடுகின்றன. வேலூர்–தூத்துக்குடி (எண் 38), கிருஷ்ணகிரி–திண்டிவனம் (எண் 77) தேசிய நெடுஞ்சாலைகளும் இவற்றில் அடங்கும். மேற்கே மலை, கிழக்கே விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை. இடைப்பட்ட பகுதியில் அருணாசலேசுவரர் கோயில், மாட வீதிகள், கடைத்தெருக்கள், மத்திய பேருந்து நிலையம் எல்லாம் நெருங்கி அமைந்துள்ளன. வேலூர் சாலையில் வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்வோரும் காலையில் இந்நெரிசலில் சேர்கின்றனர். செங்கம் சாலையின் ஒரு பகுதி 14 கி.மீ. கிரிவலப் பாதையாகவும் இருப்பதால், பெங்களூரு பேருந்தும் வெறுங்காலில் நடக்கும் பக்தரும் ஒரே சாலையைப் பகிர்கின்றனர்.

நடவடிக்கைகள்

தீபத் திருவிழாவின்போது நுழைவுச் சாலைகளின் ஓரம் தற்காலிகப் பேருந்து நிலையங்களும் கார் நிறுத்துமிடங்களும் அமைக்கப்படுகின்றன. கிரிவலப் பாதை நடப்பவர்களுக்கு விடப்படுகிறது. திண்டிவனம் சாலையில் ரயில்வே மேம்பாலம் கட்டப்பட்டுள்ளது. சென்னைக் கடற்கரை–வேலூர் ரயில் 2024 மே முதல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது.

மதிப்பீடு

புறவழிச்சாலை, ஊரைக் கடந்து செல்லும் லாரிகளைத் திருப்பிவிடும். ஊருக்கே வரும் வாகனத்தை அது குறைக்காது. கோயிலைச் சூழ்ந்த தெருக்களை அகலப்படுத்த இடமில்லை. அகலப்படுத்தினாலும் கிடைக்கும் இடத்தை நிறுத்தப்பட்ட கார்களே பிடித்துக்கொள்ளும். ஆகவே, நகர எல்லையில் நிரந்தர வாகன நிறுத்தங்களும், அங்கிருந்து கோயிலுக்கும் சந்தைக்கும் அடிக்கடி ஓடும் சிற்றுந்துகளும் தேவை. 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட சென்னைக் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும், தென்மாவட்டப் பேருந்துகளை நகர நடுவுக்குள் விடாமல் நிறுத்தும் நோக்கிலேயே அமைந்தது. பேருந்தைப் புறநகருக்கு மாற்றும்போது, அங்கிருந்து நகருக்குள் செல்ல இணைப்பு வண்டியும் உடன் வர வேண்டும். இல்லையேல் பயணியின் செலவும் நேரமும்தான் கூடும். 2024-இல் மாநகராட்சியான திருவண்ணாமலை, நடப்பவருக்கும் பேருந்தில் வருபவருக்கும் சாலையில் முதலிடம் தருவதே நியாயம். அங்கு வருவோரில் பெரும்பாலோர் அவர்களே.